ஒரே சர்வரில் ஜாங்கோவும் வேர்ட்பிரஸும்: 502 பிழை போகவே மாட்டேன் என்கிறது

ஓடைக்கரை:

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வாடகைக்கு எடுத்த சின்ன விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்). ஒரு கோர், 1 ஜிபி மெமரி, உபுண்டு 22.04. இதில் இரண்டு தளங்கள் ஓட வேண்டும். ஒன்று மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வைத்த வேர்ட்பிரஸ் தளம். இன்னொன்று நான் ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) எழுதிய நூலகப் பதிவேடு, யார் எந்தப் புத்தகம் எடுத்தார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்று பார்க்கிற ஆப்.

ஜாங்கோவை முதலில் ரன்சர்வர் கட்டளையில் 8000 போர்ட்டில் ஓடவிட்டேன். நன்றாக ஓடியது, ஆனால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும்) ஜன்னலை மூடினால் ஆப்பும் நின்றுவிடுகிறது. அதனால் ஒரு பழைய வழிகாட்டியைப் பார்த்து குனிகார்ன் (ஜாங்கோவை ஓட்டும் சர்வர்) போட்டு, சாக்கெட் கோப்பை (இரண்டு ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் கோப்பு) ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து (ப்ராஜெக்ட் என் ஹோம் ஃபோல்டரில் இருக்கிறது), முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை வைத்தேன். அன்றிலிருந்து 502 பேட் கேட்வேதான். வழிகாட்டியில் இருந்ததை ஒரு வரி விடாமல் செய்தேன். குனிகார்ன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஆக்டிவ் என்று காட்டுகிறது. சிஎஸ்எஸ், படங்கள் எல்லாம் 403 (அனுமதி மறுப்பு). யாரோ சொன்னதைக் கேட்டு ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுவதற்கும் 777 பெர்மிஷன் கொடுத்துப் பார்த்தேன், எதுவும் மாறவில்லை.

இதற்கு நடுவே வேர்ட்பிரஸுக்காக பிஎச்பி நிறுவினேன். நேற்று சர்வரை ரீபூட் செய்தால் என்ஜின்எக்ஸ் எழும்பவே இல்லை, அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வரின் முகப்புப் பக்கம் வருகிறது. நான் அப்பாச்சியை நிறுவவே இல்லை! இப்போதைக்கு அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். பேசாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அப்பாச்சிக்கே போய்விடலாமா?

முனையம்:

அழிக்க வேண்டாம். நீங்கள் செய்ததில் பெரும்பகுதி சரிதான், ஒரே ஒரு இடத்தில்தான் அடைப்பு.

முதலில் இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின்எக்ஸுக்கு பைத்தானும் தெரியாது, பிஎச்பியும் தெரியாது. கோரிக்கையை வாங்கும், கோப்பாக இருந்தால் தானே எடுத்துக் கொடுக்கும், இல்லையென்றால் பின்னால் இருக்கிற வேறொரு ப்ராசஸிடம் தள்ளிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஜாங்கோவுக்கு அந்த ப்ராசஸ் குனிகார்ன், வேர்ட்பிரஸுக்கு பிஎச்பி எஃப்பிஎம். உங்கள் குனிகார்ன் உங்கள் பயனர் பெயரில் ஓடுகிறது, என்ஜின்எக்ஸ் வொர்க்கர் (வேலை செய்யும் ப்ராசஸ்) டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற இன்னொரு பயனராக ஓடுகிறது. 502 என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் கை எட்டவில்லை என்று பொருள். உங்கள் கோடில் பிழை இருந்தால் வருவது பெரும்பாலும் 500.

ஏன் எட்டவில்லை என்பது என்ஜின்எக்ஸின் எரர் லாகில் எண்ணோடு எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். 2 என்று இருந்தால் அந்தப் பாதையில் சாக்கெட் கோப்பே இல்லை, பெரும்பாலும் பாதையில் எழுத்துப்பிழை அல்லது குனிகார்ன் கிளம்பவே இல்லை. 111 என்றால் முகவரி சரி, அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை, ப்ராசஸ் செத்துப் போயிருக்கிறது. 13 என்றால் பெர்மிஷன். 11 என்றால் ஆள் இருக்கிறார், ஆனால் வரிசை நிரம்பி வழிகிறது, அது அதிகக் கூட்டம் வருகிற தளங்களில் வரும். உங்களுக்கு 13 வந்திருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஓடைக்கரை:

பார்த்தேன் அண்ணா. சரியாக 13, பெர்மிஷன் டினைட். ஆனால் 777 கொடுத்த பிறகும் அதே 13 எப்படி வரும்? எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேனே.

முனையம்:

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. லினக்ஸில் ஒரு கோப்பைத் தொட வேண்டுமென்றால் அந்தக் கோப்பின் உரிமை மட்டும் போதாது, வேர் ஃபோல்டரிலிருந்து அது வரைக்கும் வழியில் இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைகிற உரிமை, அதாவது எக்ஸ் பிட், வேண்டும். உள்ளறையைத் திறந்து போட்டுவிட்டு வாசல் கதவைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அந்த வாசல் கதவு உங்கள் ஹோம் ஃபோல்டர்.

உபுண்டு 20.04 வரைக்கும் புதிய பயனரின் ஹோம் ஃபோல்டர் 755 ஆகத்தான் உருவாகும், யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். 21.04 பதிப்பில் அதை 750 ஆக்கிவிட்டார்கள், வெளியாள் நுழைய முடியாது. நல்ல மாற்றம்தான், ஆனால் அதற்கு முன்னால் எழுதிய வழிகாட்டிகள் எல்லாம் ஹோமுக்குள் ப்ராஜெக்டை வைக்கச் சொல்லும், அன்றைக்கு அது வேலை செய்தது. அதனால்தான் ஒரு வரி விடாமல் செய்தும் உங்களுக்கு ஓடவில்லை. சிஎஸ்எஸ்ஸுக்கு 403 வருவதும் இதே காரணம்தான், அங்கே என்ஜின்எக்ஸ் நேராகக் கோப்பைப் படிக்கப் போய்த் தடுக்கப்படுகிறது. நேம்ஐ என்ற கட்டளையை மைனஸ் எல் சேர்த்து, சாக்கெட்டின் முழுப் பாதையோடு கொடுத்துப் பாருங்கள், வழியில் எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

நல்லவேளை, 777-ஐ ஹோம் ஃபோல்டருக்கே கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எஸ்எஸ்எச் சாவி வைத்து உள்ளே வருவதே நின்றிருக்கும், ஏனென்றால் மற்றவர்கள் எழுதக்கூடிய ஹோமுக்குள் இருக்கிற சாவிப் பட்டியலை எஸ்எஸ்எச் சர்வர் நம்பாது. ப்ராஜெக்டுக்குக் கொடுத்த 777-ஐயும் உடனே எடுத்துவிடுங்கள், ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. இந்தச் சர்வரில் வேர்ட்பிரஸும் வரப்போகிறது. நாளை ஏதோ ஒரு ப்ளகினில் ஓட்டை விழுந்தால், 777 ஆக இருக்கிற உங்கள் ஜாங்கோ கோடை அது வழியாகவே மாற்றி எழுதிவிடலாம்.

செய்ய வேண்டியது: ப்ராஜெக்டை ஹோமிலிருந்து எடுத்து எஸ்ஆர்வி ஃபோல்டருக்குக் கீழே கொண்டுபோங்கள். விர்ச்சுவல் என்விரான்மென்டை (பைத்தான் பேக்கேஜ்கள் இருக்கும் ஃபோல்டர்) நகர்த்தாதீர்கள், பழைய பாதை அதற்குள் பதிந்திருக்கும், அங்கே புதிதாக உருவாக்கிக்கொள்வது நல்லது. ஆப்புக்கென்று தனிப் பயனர் ஒன்று உருவாக்கி, சிஸ்டம்டி யூனிட் கோப்பில் அந்தப் பயனர் பெயரைக் கொடுங்கள். சாக்கெட்டை ப்ராஜெக்டுக்குள் வைக்காமல் ரன் ஃபோல்டருக்குக் கீழே வையுங்கள், யூனிட் கோப்பில் ரன்டைம்டைரக்டரி என்று ஒரு வரி சேர்த்தால் ஒவ்வொரு முறையும் சரியான உரிமையோடு சிஸ்டம்டியே அந்த ஃபோல்டரை உருவாக்கிக் கொடுக்கும். ரீஸ்டார்ட் வரியையும் சேருங்கள், ஆப் விழுந்தால் தானே எழும்பும்.

ஒன்று கவனம். டெர்மினல் திறக்கும்போது ஓடுகிற உங்கள் பேஷ்ஆர்சி கோப்பைச் சிஸ்டம்டி படிக்காது. சீக்ரெட் கீ, டேட்டாபேஸ் கடவுச்சொல் இதையெல்லாம் அங்கே எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தால் கையால் ஓட்டும்போது ஓடும், சிஸ்டம்டி வழியாகக் கிளப்பினால் விழும். அவற்றைத் தனிக் கோப்பில் வைத்து என்விரான்மென்ட்ஃபைல் வரியில் காட்டுங்கள், அந்தக் கோப்புக்கு 600 போதும்.

பழையசெர்வர்:

502 பற்றி முனையம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்பாச்சி எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்கிறேன். உபுண்டுவில் பிஎச்பி என்ற பெயரில் இருக்கிற பேக்கேஜை அப்படியே நிறுவினால், எஃப்பிஎம் ஏற்கெனவே இல்லாத பட்சத்தில், அது அப்பாச்சிக்கான பிஎச்பி மாட்யூலையும் அதோடு சேர்த்து அப்பாச்சியையும் இழுத்துக்கொண்டு வரும். நிறுவின அன்று 80 போர்ட்டை என்ஜின்எக்ஸ் பிடித்திருந்ததால் அப்பாச்சியால் கிளம்ப முடியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. ஆனால் பூட்டில் தானாகக் கிளம்பும் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. ரீபூட்டில் அது முந்திக்கொண்டது, என்ஜின்எக்ஸ் லாகில் 98, அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ் என்று இருக்கும். அப்பாச்சியை நிறுத்தினால் மட்டும் போதாது, டிஸேபிள் செய்யுங்கள் அல்லது நீக்கிவிடுங்கள். இனிமேல் பிஎச்பி எஃப்பிஎம் பேக்கேஜைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அப்பாச்சிக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். நான் பல வருடமாக அப்பாச்சி வைத்திருக்கிறவன், அது பழசு, மெதுவானது என்று யாராவது எழுதினால் எனக்கு மனசு கேட்காது. 1995-இல் வந்தது, உண்மைதான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முழு ப்ராசஸ் ஒதுக்குகிற ப்ரீஃபோர்க் முறையை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது, ஒரு சின்னப் படத்தைக் கொடுக்கக்கூட பிஎச்பியைச் சுமந்துகொண்டு ஒரு ப்ராசஸ் நிற்கும். 2004-இல் ஈகோர் சிசோயெவ் என்ஜின்எக்ஸை வெளியிட்டபோது அவர் தீர்க்க நினைத்தது ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற அந்தச் சிக்கலைத்தான். ஆனால் இன்றைக்கு அப்பாச்சி 2.4-இல் ஈவென்ட் முறையைப் போட்டு, பிஎச்பியை எஃப்பிஎம்மிடம் தள்ளினால் அதுவும் நன்றாகவே ஓடும். பிஎச்பி மாட்யூலை நிறுவினால் உபுண்டு சத்தமில்லாமல் ப்ரீஃபோர்க்குக்கு மாற்றிவிடும், அதைத்தான் தவிர்க்க வேண்டும்.

உங்களுக்கு ஏற்கெனவே என்ஜின்எக்ஸ் பாதி ஓடுகிறது, அதனால் அதிலேயே இருங்கள். வேர்ட்பிரஸ் விஷயத்தில் மட்டும் ஒன்றை மறக்காதீர்கள்: அப்பாச்சிக்கான விதிகள் இருக்கும் எச்டிஅக்சஸ் கோப்பை என்ஜின்எக்ஸ் படிக்காது. பெர்மாலிங்குகள் (பதிவுகளின் நிலையான முகவரிகள்) 404 கொடுத்தால் ட்ரை_ஃபைல்ஸ் வரியில் கடைசியாக இன்டெக்ஸ் பிஎச்பியைக் கொடுத்தீர்களா என்று பாருங்கள், அது சுலபம். ஆபத்தானது வேறு. சில பாதுகாப்பு ப்ளகின்கள் எச்டிஅக்சஸில் தடை விதிகளை எழுதிவிட்டு, பாதுகாத்துவிட்டேன் என்று பச்சைக் குறி காட்டும், என்ஜின்எக்ஸில் அந்த விதி ஒன்றும் செய்யாது. அதனால் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி கோப்பு ஓடக்கூடாது என்ற தடையை நீங்களே என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் எழுதுங்கள். படம் ஏற்றுகிற இடம் கோடு ஓடுகிற இடமாக இருக்கவே கூடாது.

நிழல்வழி:

இவ்வளவு நேரம் யாரும் அந்த 1 ஜிபியைப் பற்றிப் பேசவில்லையே. இணைத்து முடித்த பிறகு இவருக்கு அடுத்து வரப்போகிற தொல்லை அதுதான்.

மைஎஸ்க்யூஎல் 8 எதையும் மாற்றாமல் ஓடவிட்டாலே சில நூறு எம்பி எடுத்துக்கொள்ளும். இயங்குதளத்தையும் சேர்த்து 500 எம்பி போய்விட்டது என்று வையுங்கள். மீதி 500. குனிகார்ன் ஆவணத்தில் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டி வொர்க்கர் வையுங்கள் என்று இருக்கும், உங்களுக்கு 3. அது சிபியுவைப் பார்த்துச் சொன்ன கணக்கு, மெமரியைப் பார்த்து இல்லை. ஒரு ஜாங்கோ வொர்க்கர் 80 எம்பி என்றால் மூன்றுக்கு 240. எஃப்பிஎம்மில் உபுண்டு கொடுக்கிற மேக்ஸ் சில்ட்ரன் (அதிகபட்சப் பிள்ளை ப்ராசஸ்கள்) 5, ஒவ்வொன்றும் 60 எம்பி என்றால் 300. கூட்டிப் பாருங்கள், 540. சாதாரண நாளில் தெரியாது, ஏனென்றால் எஃப்பிஎம் டைனமிக் முறையில் எல்லாப் பிள்ளைகளையும் எப்போதும் வைத்திருக்காது. கொஞ்சம் கூட்டம் வந்த அன்றைக்கு ஐந்தும் எழும்பும், மெமரி தீரும், கெர்னல் யாரையாவது கொல்லும், பெரும்பாலும் அதிகம் தின்கிற மைஎஸ்க்யூஎல்தான் பலி. நீங்கள் வேர்ட்பிரஸில் டேட்டாபேஸ் பிழையைப் பார்த்துவிட்டு மைஎஸ்க்யூஎல்லில் தேடிக்கொண்டிருப்பீர்கள். அப்படி நடந்தால் முதலில் கெர்னல் லாகில் அவுட் ஆஃப் மெமரி என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

நான் சொன்ன 80-ம் 60-ம் ஒரு பேச்சுக்கு. உங்கள் ப்ராசஸ்கள் எவ்வளவு எடுக்கின்றன என்று பிஎஸ் கட்டளையில் ஆர்எஸ்எஸ் (பிடித்திருக்கும் மெமரி) பார்த்து அளந்துகொள்ளுங்கள் (பகிர்ந்துகொள்ளும் பகுதியையும் சேர்த்துக் காட்டுவதால் உண்மை அளவு கொஞ்சம் குறைவாக இருக்கும்). நானாக இருந்தால் குனிகார்னில் 2 வொர்க்கர், எஃப்பிஎம்மில் ஆன்டிமாண்ட் முறையில் (தேவைப்படும்போது மட்டும் எழும்பும்) 3 அல்லது 4 பிள்ளைகள், 1 ஜிபி ஸ்வாப் கோப்பு (மெமரி தீர்ந்தால் உதவும் டிஸ்க் இடம்), இப்படி ஆரம்பிப்பேன். ஸ்வாப் வேகத்துக்கு இல்லை, திடீர் மரணத்தைத் தள்ளிப்போட. இரண்டு வொர்க்கர் போதுமா என்று பயப்பட வேண்டாம், மெதுவான இணைப்பில் இருக்கிறவர் சொட்டுச் சொட்டாக அனுப்புவதை என்ஜின்எக்ஸ் முழுதாகச் சேர்த்து வைத்துத்தான் குனிகார்னிடம் கொடுக்கிறது, பதிலையும் அதேபோல் வாங்கி வைத்துக்கொண்டு மெல்லக் கொடுக்கிறது. வொர்க்கர் யாருக்காகவும் சும்மா காத்து நிற்பதில்லை. குனிகார்னுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வைப்பதற்கு எனக்குத் தெரிந்து மிகப் பெரிய காரணமே இதுதான்.

அப்புறம் நேரம். ஆப்பில் ஏதாவது அறிக்கை, பிடிஎஃப் மாதிரி நேரமெடுக்கும் வேலை இருக்கிறதா? குனிகார்னின் வழக்கமான சிங்க் வொர்க்கர் 30 வினாடிக்கு மேல் ஒரே வேலையில் மாட்டிக்கொண்டால் குனிகார்னே அதைக் கொன்றுவிடும், உலாவியில் மறுபடியும் 502 தெரியும், லாகில் இந்த முறை எண் இருக்காது, எதிர்முனை பாதியில் இணைப்பை மூடிவிட்டது என்று இருக்கும். என்ஜின்எக்ஸ் தன் பக்கத்தில் காத்திருப்பது 60 வினாடி, அது தாண்டினால் 504 (நேரம் முடிந்த பிழை). இரண்டையும் 300 ஆக்கிவிடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, செய்யாதீர்கள், இருக்கிற இரண்டு வொர்க்கரையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் தளமே நின்றுபோகும். அந்த வேலையைப் பின்னணிக்குத் தள்ளுங்கள்.

ஓடைக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேம்ஐ போட்டதும் ஹோம் ஃபோல்டர் வரியில் மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று பளிச்சென்று தெரிந்தது. எஸ்ஆர்விக்கு மாற்றினேன், சாக்கெட்டை ரன்னுக்கு மாற்றினேன், கலெக்ட்ஸ்டாடிக் (சிஎஸ்எஸ், படங்களை ஒரே இடத்தில் சேர்க்கும் கட்டளை) மறுபடியும் ஓட்டினேன், 502-ம் போயிற்று, சிஎஸ்எஸ்ஸும் வந்துவிட்டது. அப்பாச்சியை நீக்கிவிட்டேன். மாதாந்திர பிடிஎஃப் ஒன்று 40 வினாடி எடுக்கிறது, நிழல்வழி சொன்னது அப்படியே நடந்தது, அதை இரவில் தானாக உருவாகும்படி சிஸ்டம்டி டைமரில் போட்டுவிட்டேன், காலையில் தயாராக இருக்கிறது.

இன்னும் இரண்டு மீதி. செர்ட்பாட் (சான்றிதழ் வாங்கும் கருவி) வைத்து எச்டிடிபிஎஸ் போட்டதிலிருந்து ஜாங்கோவில் லாகின் செய்தால் 403, சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும்) சரிபார்ப்பு தோல்வி என்கிறது. எச்டிடிபியில் இருந்தபோது லாகின் ஆனது. அப்புறம் வேர்ட்பிரஸில் 3 எம்பி படம் ஏற்றினால் 413 (அனுப்பியது பெரிது என்ற பிழை).

முனையம்:

413 சின்ன விஷயம். என்ஜின்எக்ஸ் எதுவும் சொல்லாவிட்டால் 1 எம்பிக்கு மேல் வாங்காது, கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் வரியில் 16 எம்பி கொடுங்கள். அதோடு விட்டால் அடுத்து பிஎச்பி தடுக்கும், அதன் அப்லோட் வரம்பு 2 எம்பி, போஸ்ட் வரம்பு 8 எம்பி, இரண்டையும் எஃப்பிஎம்முக்கான பிஎச்பி ஐஎன்ஐயில் உயர்த்துங்கள். கமாண்ட் லைனுக்கு வேறொரு ஐஎன்ஐ இருக்கிறது, அதை மாற்றிவிட்டு ஏன் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

சிஎஸ்ஆர்எஃப்: உலாவிக்கும் என்ஜின்எக்ஸுக்கும் நடுவில்தான் எச்டிடிபிஎஸ். என்ஜின்எக்ஸிலிருந்து குனிகார்னுக்கு வெறும் எச்டிடிபிதான் போகிறது. அதனால் ஜாங்கோ தான் எச்டிடிபியில் இருப்பதாக நினைக்கிறது, உலாவி அனுப்புகிற ஆரிஜின் தலைப்போ எச்டிடிபிஎஸ் என்கிறது, இரண்டும் பொருந்தாததால் மறுக்கிறது. என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ தலைப்பை ஸ்கீம் மாறியின் மதிப்போடு அனுப்புங்கள், ஜாங்கோ செட்டிங்ஸில் செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடரில் அந்தத் தலைப்பைச் சொல்லுங்கள். கூடவே ஹோஸ்ட் தலைப்பையும் உலாவி கேட்ட பெயரிலேயே அனுப்புகிறீர்களா என்று பாருங்கள், சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் தானாக வேறு பெயர் போட்டு அனுப்பும், அலவ்ட் ஹோஸ்ட்ஸில் நட்சத்திரம் போட்டால் சரியாகிறது என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நட்சத்திரம் வேண்டாம், தளத்தின் பெயரை மட்டும் போடுங்கள். டீபக் ஃபால்ஸ் ஆகத்தானே இருக்கிறது? பிழை வந்தால் உங்கள் பாதைகளையும் செட்டிங்ஸையும் ஊருக்கே காட்டிவிடும்.

இந்த எக்ஸ்-ஃபார்வர்டட் தலைப்பை ஜாங்கோ கண்ணை மூடிக்கொண்டு நம்பும், அதனால் என்ஜின்எக்ஸைத் தாண்டி யாரும் நேராகக் குனிகார்னுக்கு வர முடியாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு சாக்கெட் இருப்பதால் பயமில்லை, ஆனால் ஆரம்பத்தில் திறந்த 8000 போர்ட் ஃபயர்வாலில் இன்னும் திறந்து கிடக்கும், அதை மூடுங்கள். 22, 80, 443 போதும். மைஎஸ்க்யூஎல்லின் 3306 வெளியே தெரியவே வேண்டாம்.

மாற்றிய பிறகு என்ஜின்எக்ஸை மைனஸ் டி போட்டுச் சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் தேவையில்லை. ரீலோடில் புது கான்ஃபிக் தவறாக இருந்தாலும் பழையதை வைத்துக்கொண்டே ஓடும். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான், செர்ட்பாட்டின் ரின்யூ கட்டளையை ட்ரை-ரன் சேர்த்து இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள். கடைசியாக, யாரும் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்து நீங்களே ஒரு முறை ரீபூட் செய்யுங்கள். குனிகார்னை ஸ்டார்ட் மட்டும் செய்து எனேபிள் செய்யாமல் விட்டிருந்தால் அப்போதுதான் தெரியும்.

ஓடைக்கரை:

எனேபிள் செய்யாமல்தான் விட்டிருந்தேன். ரீபூட்டுக்கு முன்னால் பார்த்துச் சேர்த்துவிட்டேன். லாகின் ஆகிறது, 3 எம்பி படம் ஏறுகிறது, ட்ரை-ரன் தேறிவிட்டது. 8000 போர்ட் நீங்கள் சொன்ன மாதிரியே திறந்துதான் கிடந்தது, மூடிவிட்டேன். இப்போது ரீபூட் செய்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன், இரண்டு தளமும் நான் கை வைக்காமலே எழும்பின. ஃப்ரீ கட்டளையில் 210 எம்பி மீதி காட்டுகிறது, எஃப்பிஎம்மில் 4 பிள்ளைகளோடு இருக்கிறேன்.